திருகாணியில் ஒரு சிவப்புப் பொட்டு

பழனிமுத்து அண்ணனுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். பதினெட்டு வயதில் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரே கராஜில் இருபத்தெட்டு வருடமாக எஞ்சின் வேலை செய்துகொண்டிருந்தார். நான் அங்கே தொலைபேசி எடுக்கவும் சிங்களக் கடிதங்களுக்குப் பதில் எழுதவும் இருந்தேன். வெளியூர்த் தமிழர் கொழும்பில் தங்குவதென்றால் பொலிஸில் பதிந்து, முத்திரையிட்ட தாளைக் கையோடு வைத்திருக்க வேண்டும். அவருடைய பொலிஸ் பதிவுப் படிவத்தையும் நான்தான் நிரப்பிக் கொடுப்பேன்.

இரண்டாயிரத்து ஆறில், அந்தப் பதிவு சட்டைப்பையில் இருந்தும், காலி வீதியில் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பொலிஸார் அவரை மூன்று நாள் வைத்திருந்தார்கள். ஏன் பிடித்தார்கள் என்றோ ஏன் விட்டார்கள் என்றோ ஒருவரும் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் கராஜ், வாடகை அறை, கோயில் ஆகிய மூன்றையும் தாண்டிப் போனதில்லை. திருத்திய வண்டியைக்கூட கராஜ் இருக்கும் சின்ன ஒழுங்கையின் முனை வரைதான் ஓட்டிப் பார்ப்பார்.

இரண்டாயிரத்து எட்டு மாசியில் ஸ்ரீஸ்கந்தராசா தன் பிக்கப்பைக் கொண்டுவந்தார். ஒருகொடவத்தைக் களஞ்சியங்களிலிருந்து வெள்ளவத்தைக் கடைகளுக்குப் பருப்பும் மாவும் ஏற்றுகிறவர். ஊர் யாழ்ப்பாணம், அடையாள அட்டையிலும் அதுவே இருந்தது; சோதனைச் சாவடிகளில் சந்தேகப்பட அது போதும்.

"பாஸ், காலை எடுத்தாலும் வண்டி அடங்குதில்லை. கிளச்சை மிதிச்சா எஞ்சின் கத்துது, விட்டாத் தள்ளிக்கொண்டு போகுது. நேற்று செக் பொயின்ற்றில ஆமிக்காரன் துவக்கை நீட்டிப்போட்டான். இன்னொருக்கா இப்பிடிப் பாஞ்சு வந்தாச் சுடுவன் எண்டு சொன்னவன்."

"வண்டிக்கும் ஆமியக் கண்டா நெஞ்சு அடிக்குது போல" என்றார் பழனிமுத்து அண்ணன்.

ஸ்ரீஸ்கந்தராசா சிரிக்கவில்லை.

"இன்ஜெக்‌ஷன் வண்டி இது, கண்டவங்க கை வைக்கக் கூடாது. யாராச்சும் தொட்டாங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"ஒருத்தரும் தொடேல்லை."

அண்ணன் எஞ்சின் வேகம் காட்டும் மீட்டரைக் கொழுவினார். காலை எடுத்த பிறகு எஞ்சின் தானாக ஓடும் வேகத்தைக் கராஜில் ஸ்லோ என்பார்கள். அந்த வண்டிக்கு அது நிமிடத்துக்கு எழுநூற்றைம்பது சுற்று இருக்க வேண்டும். மீட்டர் ஆயிரத்து எண்ணூறு காட்டியது. களவாகக் காற்று உள்ளே போகிறது என்று நினைத்தார். போத்தலில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு குழாயிலும் சன்னமாகத் தெளித்துக்கொண்டே காதைக் கொடுத்தார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. வெடித்த இறப்பர் குழாயை மாற்றியதும் வேகம் ஆயிரத்து அறுநூறுக்கு இறங்கியது. அதற்குக் கீழே போகவில்லை.

மறுநாள் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்ததைக் கண்டு நிரப்பினார். அந்தத் தண்ணீரின் சூட்டில் மூடி, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கிற ஒரு வால்வு உண்டு, அதைக் கழற்றினார். அது கரி பிடித்து இறுகிக் கிடந்தது. கழுவிப் பூட்டியும் வேகம் இறங்கவில்லை. அன்று அவர் சாப்பிடப் போகவில்லை. சோற்றுப் பார்சல் என் மேசையில் ஆறிக்கொண்டிருந்தது.

பின்னேரம் காற்றுக் குழலைக் கழற்றி, ஓடுகிற எஞ்சினில், அந்த வால்வுக்குப் போகும் துளையைப் பெருவிரலால் அடைத்தார். வேகம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. அப்படியென்றால் காற்று அந்த வழியாகப் போகவில்லை, காலால் மிதிக்கும்போது திறந்து காற்றை விடுகிற த்ரொட்டல் தட்டே முழுதாக மூடவில்லை என்று அர்த்தம். அந்தத் தட்டு எவ்வளவு மூடும் என்பதைத் தீர்மானிப்பது ஒரு சின்னத் திருகாணி. கம்பனியில் அளவு வைத்துப் பெயிண்ட் பூசி அனுப்புவார்கள். வேலை தெரிந்த எவரும் தொட மாட்டார்கள் என்பதால் அண்ணன் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. இப்போது துணியால் துடைத்தார். தடிப்பாகத் தடவியிருந்த கிரீஸ் வந்தது. அதற்குக் கீழே பெயிண்ட் உடைந்து, திருகாணியின் தலை புதிதாகப் பளபளத்தது.

"யாருங்க திருகுனது?"

வண்டியை எடுக்க வந்திருந்த ஸ்ரீஸ்கந்தராசா வாசற்பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தை மாசம் ஒருநாள் செக் பொயின்ற்றுக்கு நேர முன்னால எஞ்சின் நிண்டுபோச்சு பாஸ். ஸ்டார்ட் வரேல்லை. நான் குண்டு வைச்சிட்டு இறங்கி ஓடப்போறன் எண்டு நினைச்சிட்டாங்கள். றோட்டில முழங்கால்ல இருத்தி வைச்சவங்கள், ரெண்டு மணித்தியாலம். மகள் பள்ளிக்கூடம் போற நேரம். பஸ்ஸுக்குள்ள இருந்து பார்த்தவள்." அவர் குரல் தணிந்தது. "அதுக்குப் பிறகு நானே திருகிப்போட்டன். எப்பிடிக் கத்தினாலும் பறவாயில்லை, நிக்கக் கூடாது."

"அதத்தானே மொத நாளே கேட்டேன்? ரெண்டு நாளா வேற எங்கெங்கேயோ தேடிக்கிட்டுக் கெடந்தேனே, மனுசா!"

"வெக்கமா இருந்தது."

அண்ணன் மறுபடியும் எஞ்சின் பக்கம் குனிந்தார். அன்று எஞ்சின் நின்றதற்குக் காரணம் கரி பிடித்த வால்வு. அதை ஏற்கெனவே கழுவியாயிற்று. திருகாணியைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். மீட்டர் எழுநூற்றைம்பதில் அசையாமல் நின்றது. திருகாணித் தலையில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்தார்.

"இனி நிக்காது. நான் சொல்றேன், போங்க."

மூன்றாம் நாள் காலை பிக்கப் திரும்பி வந்தது. ஒழுங்கைக்குள் திரும்பும்போதே அதன் இரைச்சல் எனக்குக் கேட்டது. அண்ணன் பொனட்டைத் திறந்தார். சிவப்புப் பொட்டு இரண்டாக உடைந்திருந்தது.

"குறைவா ஓடேக்க நிக்கப்போற மாதிரியே இருக்கு பாஸ்" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "செக் பொயின்ற் தெரிஞ்ச உடனே கை தானாத் திருப்புளிக்குப் போகுது. ஓரமா நிப்பாட்டித் திருகினனான். இண்டைக்கு அந்த ஆமிக்காரன் வண்டி நம்பரை எழுதி வைச்சிட்டான்."

அண்ணன் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திருகாணியைத் திருப்பினார், மறுபடியும் பொட்டு வைத்தார். வண்டிக்குள் கைவிட்டு ஸ்ரீஸ்கந்தராசா திருகிய திருப்புளியை எடுத்து என் மேசையில் வைத்தார். சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். மேசை லாச்சியைத் திறந்து, அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் இருந்த பொலித்தீன் பையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அண்ணன், காலி வீதியாலதான் போக வேணும்" என்றேன்.

"தெரியும் தங்கச்சி." பிறகு ஸ்ரீஸ்கந்தராசாவிடம், "ஏறுங்க. நானும் வாரேன்" என்றார்.

அவர்கள் பத்து மணிக்குப் போனார்கள். பதினொன்றாயிற்று, பன்னிரண்டாயிற்று. அண்ணனிடம் கைத்தொலைபேசி இல்லை. ஸ்ரீஸ்கந்தராசாவின் இலக்கத்துக்கு எடுத்தேன், பதில் இல்லை. அண்ணனைப் பிடித்து வைத்திருந்தால் எந்தப் பொலிஸ் நிலையத்துக்குப் போவது, சிங்களத்தில் என்ன சொல்லித் தொடங்குவது என்று வசனங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்த ஒவ்வொரு தடவையும் முதல் மணியிலேயே எடுத்தேன்.

இரண்டரைக்கு அண்ணன் ஒழுங்கைக்குள் நடந்து வந்தார். சட்டையின் முதுகுப்புறம் ஒட்டிக்கிடந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

வண்டி நம்பரை எழுதி வைத்த அதே சிப்பாய்தான் மறித்திருக்கிறான். பெயரைக் கேட்டிருக்கிறான். இவருடைய காது முழுவதும் எஞ்சினிலேயே இருந்ததால் பதில் சொல்லவில்லை. இரண்டாம் தரமும் கேட்டிருக்கிறான். பிறகு சிங்களத்தில் "பஹின்ன", இறங்கு, என்று கதவைத் திறந்து இறக்கிவிட்டான்.

"செவிடுன்னு நெனச்சிட்டான். சைகையில பேசுறான் என்கிட்ட." அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. "நேத்து வரைக்கும் கத்துன வண்டி இன்னிக்கு ஏன் சத்தமில்லன்னு பொனட்டைத் தொறக்கச் சொன்னான். பொட்டைக் காட்டுனேன். எஞ்சினை நிப்பாட்டச் சொல்லிட்டான். ஒன்றரை மணித்தியாலம், தங்கச்சி. மூட்டை மூட்டையா எறக்கிப் பாத்தாங்க. அப்புறம் எடுத்துக்கிட்டுப் போன்னாங்க. அவருக்குச் சாவியத் திருப்பக் கை வரல்ல."

"ஸ்டார்ட் வந்ததா?"

"வந்துச்சு. ஒரே தடவையில. எழுநூத்தம்பது."

"மீட்டர் இல்லையே அண்ணன்?"

"எனக்குத் தெரியாதா?"

பொலித்தீன் பையை எடுத்து, சோதனையில் வெளியே எடுத்து வியர்வையில் நனைந்திருந்த பதிவுத் தாளைப் பிரித்து என் மேசையில் காயப் போட்டார். "நாளைக்கு ஆறு மணிக்கு வாரேன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன். ஒரு வாரம் கூடப் போனா அவருக்குக் கை பழகிடும்" என்றார். பிறகு தாளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது அழிஞ்சிருச்சா தங்கச்சி? முத்திரை தெரியுதா?"

சிப்பாய் நகத்தால் கீறிப் பார்த்தானாம், அந்த இடத்தில் முத்திரையின் பாதி மங்கிப்போயிருந்தது. தெரிகிறது என்றேன். அன்று பின்னேரமே புதுப் படிவம் வாங்கப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, அந்தப் பாதி முத்திரையோடு, அவர் பிக்கப்பில் ஏறிப் போனார்.