வார்னிஷுக்குள் இருந்த உப்பு

ஹாஜறா எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு முந்திய வருஷம் பிறந்தவள். இரண்டு வயதில் வந்த காய்ச்சல் போகும்போது காதையும் கொண்டுபோனது. முழுதும் போகவில்லை என்றார் மட்டக்களப்பில் பார்த்த டொக்டர். சத்தத்தைப் பெருக்கிக் கொடுத்தால் கேட்கும்; ஆனால் கதைக்கப் பழகும் வயதுக்குள் கொடுக்க வேண்டும். காது மெஷினின் விலையையும் அவரே சொன்னார். தகப்பன் அச்சிமுகம்மது அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கல்முனைக்குடியில் பன்னிரண்டு வருஷமாக ரேடியோ திருத்துகிறவர். சத்தத்தைப் பெருக்குவதுதான் அவருடைய தொழில்.

செப்பு ஒட்டிய பலகைத் துண்டில், மனைவி ஸகியா நகத்துக்குப் பூசும் கியூடெக்ஸால் கோடுகளை வரைந்தார். பலகையைத் திராவகத்தில் போட்டு, கோடில்லாத செம்பைக் கரையவிட்டார். கிணற்றடியில் கழுவி, வெயிலில் காயவைத்து, நான்கு ட்ரான்சிஸ்டர்களைப் பற்றவைத்தார். சவர்க்காரப் பெட்டிக்குள் அது அடங்கியது. பெட்டியை வாரில் கோத்துப் பிள்ளையின் நெஞ்சில் தொங்கவிட்டு, வயரைக் காதில் மாட்டினார். குசினியில் ஸகியாவின் கையிலிருந்து சட்டி மூடி விழுந்தபோது ஹாஜறா திடுக்கிட்டுத் திரும்பினாள். மூன்றாம் கிழமை "ம்மா" என்றாள்.

நாற்பத்தோராம் நாள் பெட்டி பொரிக்கிற சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. திறந்தால் செம்புக் கோடுகளில் பச்சை பூத்திருந்தது.

கடல் கூப்பிடு தூரம். காற்றில் உப்பு, பிள்ளையின் வேர்வையில் உப்பு. அடுத்த பலகைக்கு, தளபாடங்களுக்குப் பூசும் அரக்கு வார்னிஷை இரண்டு தரம் பூசினார். ஐம்பத்திரண்டு நாள் தாங்கியது. மூன்றாவதை வார்னிஷுக்கு மேல் உருகிய மெழுகில் தோய்த்தார். நான்காவதற்குச் சைக்கிள் டியூபை வெட்டிப் பெட்டிக்கு உறை போட்டார். ஒவ்வொன்றும் செத்த பிறகு, கொழும்பிலிருந்து சாமான் வந்து அடுத்ததைச் செய்து முடிக்க இரண்டு மாதம் போகும். அந்த இரண்டு மாதத்தில் பிள்ளை பழகிய சொற்களில் பாதியை மறந்துவிடுவாள்.

பள்ளிக்கூடத்து அதிபர் ஸைனுலாப்தீன் தெரிந்த மனிதர். பிள்ளையைச் சேர்க்க அவர் அதிகம் கேட்கவில்லை. "பேரைக் கூப்பிட்டாத் திரும்பினாக் காணும், அச்சி. மறுகா நான் பாத்துக்குவன்" என்றிருந்தார். எண்பத்து மூன்று ஜனவரியில், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் நான்காவது பலகை செத்தது. அதிபர் மூன்று தரம் கூப்பிட்டார். ஹாஜறா சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த வருசம் பாப்பம்" என்றார் அதிபர். அடுத்த வருஷமும் அப்படித்தான் ஆனது. அது ஐந்தாவது பலகை.

அந்த வருஷம் மாரிக்கு முன் ஸகியாவின் தம்பி முனாப் சம்மாந்துறையிலிருந்து வந்தான். அங்கே கலியாணம் முடித்துப் போனவன். கையில் அச்சிமுகம்மது செய்துகொடுத்த அம்ப்ளிபயர்.

"மச்சான், இதுட குமிழ் உடைஞ்சி போச்சி. குறட்டால திருகிப் பாட்டுக் கேக்கன், ஊரே சிரிக்கி."

அச்சிமுகம்மது பெட்டியைத் திறந்தார். பலகையை வெளிச்சத்தில் பிடித்தார். செம்பு, பலகை செய்த அன்று இருந்ததுபோல இருந்தது.

"இத எங்க வெச்சிருந்தாய்?"

"மாட்டுக் கொட்டிலோட. ஏன், மாட்டுக்கும் பாட்டு வேணுந்தானே?"

"பகிடி உடாத. நனைஞ்சிதா?"

"கூரை ஒழுகி ரெண்டு தரம். வெயில்ல வெச்சன், திரும்பப் பாடுது."

அது பிள்ளையின் மூன்றாவது பலகை செய்த அதே மாதத்தில் செய்தது. அதே போத்தல் வார்னிஷ். மெழுகுகூட இல்லை.

முனாப் போன பிறகு, செத்த பலகைகள் ஐந்தையும் எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். வார்னிஷ் பூசியவற்றில் ஓரிடத்திலும் வார்னிஷ் வெடித்திருக்கவில்லை. பச்சை அதன் அடியில், உள்ளேயே வளர்ந்திருந்தது. வெளியிலிருந்து வரவில்லை என்றால், பூசும்போதே உள்ளே இருந்திருக்க வேண்டும். முனாபின் பலகையை நெல் வெள்ளாண்மை வெட்டுக்குப் போயிருந்தபோது சம்மாந்துறையிலேயே செய்து, வாய்க்கால் தண்ணீரில் கழுவியிருந்தார். மற்றவையெல்லாம் வீட்டுக் கிணற்றில் கழுவியவை.

அந்தக் கிணறு சவர், உப்புக் கரிக்கும். தேத்தண்ணீருக்கு ஆகாது. குடிக்கிற தண்ணீரை ஸகியா காலையில் நான்கு வளவு தாண்டிப் போய் இரண்டு குடத்தில் சுமந்து வருவாள். அந்தத் தண்ணீரில் அந்தத் தெருவில் யாரும் கோப்பைகூடக் கழுவுவதில்லை. கழுவினால் அது விரயம். அவருக்கும் பலகைக்கு அதைத் தொடத் தோன்றவில்லை. காய்ந்த பலகையில் வெள்ளையாகப் படிந்ததைத் துணியால் துடைத்துவிட்டு, அதன் மேல் வார்னிஷ் பூசியிருந்தார்.

"உப்ப நான்தான் உள்ளுக்க வெச்சி மூடியிருக்கன், ஸகியா."

"என்ன கதைக்கிறீங்க?"

"பலகையக் கழுவின தண்ணி. ஒண்ட குடத்துல ரெண்டு கோப்பை எடுத்திருந்தாக் காணும்."

ஸகியா குடத்தைப் பார்த்தாள். "கேட்டிருந்தாத் தரமாட்டனா? இன்னும் ரெண்டு குடம் சுமந்திருப்பனே."

ஆறாவது பலகையைக் குடத்துத் தண்ணீரில் நான்கு தரம் கழுவினார். மாரி போனது, கோடையின் கச்சான் காற்று அடித்து ஓய்ந்தது. மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தார். ஒரு புள்ளி பச்சை இல்லை.

ஹாஜறாவுக்கு எட்டு வயதானது. "ம்மா" என்பதை அவள் விட்டு நெடுங்காலம். டொக்டர் திரும்பவும் சோதித்தார். காதில் மிச்சமிருந்ததும் குறைந்துவிட்டது, பெட்டி மாட்டினால் சத்தம் போய்ச் சேரும், ஆனால் அதைச் சொல்லாகப் பிடிக்கிற வயது போய்விட்டது என்றார். அச்சிமுகம்மது பெட்டியைக் கழற்றவில்லை. ஒவ்வொரு காலையும் தானே மாட்டிவிட்டார்.

ஒருநாள் மாட்டும்போது ஸகியா பக்கத்தில் வந்து நின்றாள். "இது இன்னும் எத்தினை காலத்துக்கு இரிக்கும்?"

"நம்ம ரெண்டு பேரையும் விடக் கூட இரிக்கும்."

"அப்பக் கழட்டிருவமா? வார் உரஞ்சி புள்ளட கழுத்து புண்ணாயிரிக்கி. நீங்க மனம் நோவீங்கண்டுதான் அவள் பேசாமப் போட்டுக்கிட்டுத் திரியிறாள்."

அவர் வாரின் முடிச்சை அவிழ்த்தார். ஹாஜறா கழுத்தைச் சொறிந்துகொண்டு, இருவரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, முற்றத்துக்கு ஓடினாள்.

பெட்டரியை உள்ளே விட்டால் கசிந்து செம்பைத் தின்றுவிடும். இரண்டையும் கழற்றி எடுத்துவிட்டு அவர் பெட்டியை மூடினார்.