தூர்த்த கிணற்றின் மேல் ஒரு சுவர்

எங்கள் காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குத்தான். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்துவிடுவான். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் வாயைப் பிளப்பார்கள். பிளக்கட்டும், நமக்கென்ன. மகள் பிறந்துவிட்டால் இவளுக்கு எந்த வீடு என்ற யோசனை உம்மாக்காரிக்கு அன்றைக்கே தொடங்கிவிடும். என் பக்கத்து வீட்டு ருகையாவுக்கும் அப்படித்தான். தான் இருக்கிற வீட்டையே ஒரே மகள் ரிஃப்காவுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்து, சம்பந்தம் பேசி, தேதியும் குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் நடுச்சுவர் வெடித்தது.

ருகையா யாரிடமும் சண்டைக்குப் போகிறவள் இல்லை. ஆனால் ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், ஜமாஅத்தே திரண்டு வந்து சொன்னாலும் வேண்டாம்தான். அவள் புருஷன் செய்கு அப்துல் காதிருக்கு ஜித்தாவில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை வந்து, வீட்டில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடுவார்.

முதலில் மக்கர் பண்ணியது படுக்கையறைக் கதவு. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று ஆசாரியைக் கூப்பிட்டுச் சீவச் சொன்னாள். வெயில் காலம் வந்த பிறகும் கதவு தரையை உரசியது. அப்புறம்தான் அண்ணாந்து பார்த்திருக்கிறாள். நிலையின் மூலையில் தொடங்கிய வெடிப்பு, கல்லின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக மேலே ஏறிக் கொண்டிருந்தது.

வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். உப்புக் காற்று என்றாள் ஒருத்தி. கண்ணூறு, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றாள் இன்னொருத்தி. பழைய வீடுதானே, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டு என்று ஒருவர் தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். கட்டப்போவது அவர் இல்லையே, சொல்லத்தானே செய்வார். ருகையா எல்லாருக்கும் தலையாட்டினாள். அவர்கள் போனதும் தேங்காய்ச் சிரட்டையில் சிமெண்டைக் குழைத்து, மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வெடிப்பின் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் ஒட்டினாள்.

"இது எதுக்குளா?" என்று கேட்டேன்.

"சுவரு சும்மா நிக்குதா, நகருதான்னு பாக்கணும் லாத்தா. நகந்தா கண்ணாடி உடைஞ்சிரும். யூடியூப்ல காட்டுனான்."

வயதில் மூத்தவள் என்பதால் நான் அவளுக்கு லாத்தா. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அடுத்த மாதம் நோன்பு பிடிக்கும் முன்பே கண்ணாடி நடுவில் இரண்டாகிவிட்டது. சிரித்த வாயை மூடிக்கொண்டேன்.

படம் எடுத்துப் புருஷனுக்கு அனுப்பினாள். ஜித்தாவிலிருந்து குரல் வந்தது. "ருகையா, இது ஒரு விஷயமா? பட்டி பாத்து பெயிண்ட அடிச்சு விடு. கல்யாணம் முடியட்டும், பொறவு பாத்துக்கலாம். வீடு வெடிச்சிருக்குன்னு மாப்புள வீட்டுக்குத் தெரிஞ்சா சம்பந்தமே போயிரும். யோசிச்சியா?"

ருகையா போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். "அந்தச் சுவத்தை ஒட்டித்தான் உங்க மகளுக்குக் கட்டில் போடணும். இடியுற சுவத்துக்குப் பவுடர் பூசிப் பொண்ணுக்குக் குடுக்க எனக்கு மனசு வராது. உங்களுக்கு வந்தா நீங்க வந்து பூசுங்க." அனுப்பிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

சாத்தான்குளத்திலிருந்து ஜெர்சன் என்ற இன்ஜினியர் வந்தார். தண்ணீர் நிரப்பிய குழாயைத் தரையில் வைத்து மட்டம் பார்த்தார். சுவரின் நடுப்பகுதி மட்டும் தாழ்ந்திருந்தது.

"அக்கா, சுவத்துல கோளாறு இல்ல. கீழ மண்ணு இறங்குது. இந்த ஒரு எடத்துல மட்டும் ஏன் இறங்கணும்? முன்னால இங்கன என்ன இருந்துச்சு?"

ருகையா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"கிணறு" என்றாள்.

அந்தக் கூத்தைச் சொல்ல வேண்டும். ருகையாவின் உம்மாவுக்கு இரண்டு பெண்கள், இருந்தது ஒரே நீளமான வீடு. நடுவில் பிரித்து ஆளுக்குப் பாதி என்று பேசினார்கள். முற்றத்துக் கிணறு சரியாக அந்த நடுக்கோட்டில் வந்து நின்றது. கிணறு மூத்தவளுக்கா, இளையவளுக்கா? பெரியவர்கள் கூடிப் பேசி, யாருக்கும் மனக்குறை வரக்கூடாது என்று கிணற்றையே தூர்த்து, அதன் மேலேயே சுவரை எழுப்பிவிட்டார்கள். உடைந்த ஓடும் குப்பை மண்ணும்தான் உள்ளே போயின. பங்கு என்னவோ நியாயமான பங்குதான். குப்பை மண்ணுக்கு அந்த நியாயம் தெரியவில்லை.

ஜெர்சன் வழி சொன்னார். கூரைக்கு இரும்புக் கால்களை முட்டுக் கொடுக்க வேண்டும். கிணற்றுக்கு இரண்டு பக்கமும் கெட்டியான மண் தட்டுகிற வரை தோண்டி, சுவருக்கு அடியில் பாலம் மாதிரி ஒரு கான்கிரீட் பீம் போட வேண்டும். "மொத்தமாத் தோண்டுனா சுவரு தலையில விழுந்துரும். கொஞ்சம் தோண்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகுன பொறவுதான் அடுத்த துண்டு. கல்யாணத்துக்குள்ள முடியும்னு நான் சொல்ல மாட்டேன் அக்கா."

"முடியும்போது முடியட்டும். ஆரம்பிங்க" என்றாள் ருகையா.

சுவரின் அந்தப் பக்கத்துக்குச் சொந்தக்காரியான தங்கை சென்னையில் இருக்கிறாள். என்னமும் செய்துகொள் என்று சொல்லிவிட்டாள். புருஷன்தான் குதித்தார். "கல்யாண வீட்டுல குழி தோண்டுனா நான் ஊருக்கே வர மாட்டேன்."

"வராட்டி போங்க. வீடு என் உம்மா எனக்குக் குடுத்தது. நான் என் மகளுக்குக் குடுக்கேன். நடுவுல நீங்க யாரு மச்சான்?"

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பொய் சொல்வானேன்.

எங்கள் வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் போய்வரத் தனி முடுக்கு உண்டு. அந்த வழியில் வருகிறவர்கள் கதவைத் தட்டுவதில்லை. மாப்பிள்ளை அஃப்ஸலின் உம்மா ஒரு நாள் அப்படித்தான் வந்து நின்றார். வீட்டுக்குள் ஆள் ஆழத்துக்குக் குழி, சுற்றிலும் மண், நடுவில் இரும்புக் கால்கள். செருப்புச் சத்தம் கேட்டதுமே நான் தார்ப்பாயை இழுக்கப் போனேன். ருகையா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன இது ருகையா?"

"கிணறு சம்பந்தி. தூத்துட்டு மேல சுவரு கட்டிட்டாங்க, இப்ப இறங்கிட்டு. வாங்க, குனிஞ்சு பாருங்க."

"இத மூடிட்டு எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்லா? ஊரு என்ன பேசும்?"

"பெயிண்ட் அடிச்சிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுதான். ஆனா உங்க மகன் இங்கதான் படுத்துத் தூங்கப் போறான். தேதிய தள்ளி வச்சாலும் சரி, சம்பந்தமே வேண்டாம்னாலும் சரி. வேலை முடியாம குழிய மூட மாட்டேன்."

அடுப்படி வாசலில் ரிஃப்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பாவம், அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. நாசமாய்ப் போச்சு என்று நினைத்தேன். அந்த அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்து குழிக்குள் நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"கட்டில் எந்தப் பக்கம்?"

ருகையா காட்டினாள். அவர் கட்டில் வரப்போகிற இடத்தையும் வெடிப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேலையப் பாரு. தேதிய நான் பேசிக்கிடுதேன். அஃப்ஸல நாளைக்கு அனுப்புதேன், அவனும் குனிஞ்சு பாக்கட்டும்."

தேதி தள்ளிப்போனது. ஊர் பேசத்தான் செய்தது. பீம் போட்டு, குழியை நிரப்பி, தரை போட்ட பிறகுதான் ருகையா வெடிப்பை அடைத்து வெள்ளையடித்தாள். அடைத்த இடத்தின் குறுக்கே புதிதாக ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவைத்தாள். ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தும் அது உடையவில்லை. நிக்காஹுக்கு முந்தின வாரம் வீட்டை மகள் பேருக்கு எழுதிக் கொடுத்தாள்.

வர மாட்டேன் என்றவர் வந்துவிட்டார், எங்கே போவார். கல்யாணத்தன்று வீடு நிறைந்த கூட்டத்தில் அவர் கண்ணெல்லாம் அந்தக் கண்ணாடி மேல்தான் இருந்தது. "வாரவங்க எல்லாம் இது என்னன்னு கேக்காங்க. அசிங்கமா இருக்கு. ஒரு நாளைக்குத்தானே, எடுத்துட்டு நாளைக்கு ஒட்டிக்க."

ருகையா களைத்துப்போயிருந்தாள். காலையிலிருந்து ஒரு வாய் சோறு தின்றிருக்க மாட்டாள். இத்தனை நாள் மல்லுக்கு நின்றவள், சரி ஒரு நாளைக்குத்தானே என்று அடுப்படியிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். என்னால் நம்ப முடியவில்லை.

"உம்மா, அதுல கை வைக்காதீங்க."

பெண்களுக்கு நடுவில் நகையும் பூவுமாக உட்கார்ந்திருந்த ரிஃப்காதான் சொன்னாள். தலையை நிமிர்த்தி வாப்பாவைப் பார்த்தாள்.

"வாப்பா, கேக்கவங்கள எங்கிட்ட அனுப்புங்க, நான் பதில் சொல்லுதேன். வீடு இப்ப எனக்கு. அது அங்கனயே இருக்கட்டும்."

செய்கு அப்துல் காதிர் பெண்டாட்டியைப் பார்த்தார். ருகையா மகளைப் பார்த்தாள்.

"கேட்டியளா? வீட்டுக்காரி சொல்லிட்டா" என்றாள். கத்தியைக் கொண்டுபோய் அடுப்படியில் போட்டுவிட்டு, எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அன்றைக்கு முதல் முறையாகச் சோறு கேட்டாள்.