பச்சையாகத்தான் இருக்கிறது

போன புதன்கிழமை காலை, கையில் காப்பியோடு, எங்கள் ஃப்ளாட் காரிடாரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு பைன் மரம். வயது நாற்பது. உயரம்... ஒரு முழம்கூட இல்லை. நான் அழுதுகொண்டிருந்தது, பக்கத்து வீட்டு அக்கா வந்து என்ன ஆச்சு என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

செடிக்காக யாராவது அழுவார்களா என்று சிரிக்காதீர்கள். முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு என் கறிவேப்பிலையைத் தெரியும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மூன்றாவது மாடியில், பழைய பெயிண்ட் டின்னில் நின்றபடி, பாதி பிளாக்கின் குழம்புக்கு இலை கொடுக்கிற புண்ணியவதி. அவளால் எனக்குக் ‘கைராசிக்காரி’ என்று ஒரு பெயர். பெயர் வந்தால் சும்மா இருக்குமா? தலைக்கு ஏறியது.

நான்காவது மாடி சோங் அண்ணன் அந்தக் கைராசியை நம்பித்தான் என்னிடம் வந்தார். கிள்ளான் பக்கம் எஸ்டேட்டில் மளிகைக் கடை வைத்திருந்த சீனரின் மகன். என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார், நம் ஊர் ‘லா’வோடு. மனைவி இல்லை, ஒரே மகள் காஜாங்கில். வீட்டில் துணைக்கு இருந்தது இந்த பைன் போன்சாய்தான். முப்பது வயதில் விதை போட்டு வளர்க்க ஆரம்பித்தாராம். இப்போது அவருக்கு எழுபது.

அவருக்கு இதயத்தில் ஆப்பரேஷன். பிறகு இரண்டு மாதம் மகள் வீட்டில் ஓய்வு என்று ஏற்பாடு. மரத்துக்குத் தொட்டி மாற்றிவிட்டுப் போகலாம் என்று இருந்தவருக்கு, டாக்டர் தேதியை முன்னால் தள்ளிவிட்டார். தொட்டி முழுக்க வேர் அடைத்து, ஊற்றுகிற தண்ணீர் மேலேயே நிற்கிறது. இனியும் தள்ளிப்போட முடியாது.

“பாதி மண்ண மட்டும் எடு தங்கச்சி, மீதியத் தொடாத. உன் கை நல்ல கை லா,” என்றார்.

மரத்தோடு புதுத் தொட்டி ஒன்று, வேருக்கு நடுவே மண்ணைக் குத்தி இறக்க ஒரு ஜோடி சாப்ஸ்டிக், ஒரு பை புது மண். மண் என்று பேர்தான், எல்லாம் பொடிக்கல். கொடுத்துவிட்டு மகளின் காரில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் மரத்தைத் தூக்கி வெளியே எடுத்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தொட்டி கழன்ற பிறகும் வேர்கள் தொட்டியின் வடிவத்திலேயே நின்றன. சுற்றிச் சுற்றி, சுவரைத் தொட்டுத் திரும்பி, மறுபடி சுற்றி... மேலே அடிமரத்தில் பட்டை பாளம் பாளமாக வெடித்திருந்தது. காட்டில் நின்றிருந்தால் வானத்தைத் தொட்டிருக்கும். இங்கே ஒரு சோற்றுத் தட்டு அளவு இடத்தில், ஒரு குறையும் இல்லாமல், முழு மரமாக இருந்தது. நமக்கு ஆயிரம் சதுர அடி போதவில்லை!

பிறகுதான் பார்த்தேன். வேர்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பூசணம். நூல் நூலாக மண்ணைக் கவ்விக்கொண்டு கிடந்தது. மோந்து பார்த்தால் காளான் வாடை.

பாதி மண்ணை விடச் சொன்னாரே என்று ஒரு கணம் யோசித்தேன். பாவம், உள்ளே இப்படிப் பூசணம் பிடித்திருப்பது அவருக்குத் தெரியாது போல... பூசணம் பிடித்த ஊறுகாயில் பாதியை வைத்துக்கொள்வோமா? பக்கெட்டில் தண்ணீர் பிடித்தேன். கீரை அலசுவதுபோல ஒவ்வொரு வேரையும் அலசினேன். போதாததற்கு மஞ்சள் தூள் கரைத்து ஒரு முக்கு. பளிச்சென்று ஆனது. புது மண்ணில் வைத்துவிட்டு, அலசும் முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்களை நானே ரசித்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சோங் அண்ணன் போன் செய்தார். ஆப்பரேஷன் முடிந்துவிட்டதாம்.

“மரம் பச்சையா இருக்கா?”

“பச்சையாத்தான் இருக்கு அண்ணே. நீங்க எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன் லா.”

இரண்டு நாள் கழித்து கிள்ளானில் தங்கை வீட்டுக்குப் போனேன். அப்படியே அங்கே ஒரு நர்சரியில் உரம் வாங்க நுழைந்தேன். கடைக்காரர் முரளி நாற்பது வயதுக்காரர். போன்சாய் என்றால் உயிர். பெருமையாக என் போட்டோக்களைக் காட்டினேன். முதல் படத்தில் வெள்ளை நூலோடு வேர். அடுத்த படத்தில் மஞ்சள் குளித்த வேர். அவர் கையிலிருந்த தண்ணீர்க் குழாயைக் கீழே வைத்துவிட்டார்.

“அது பூசணம்தான் அக்கா. ஆனா பைனுக்கு அதுதான் வாய். அது இல்லாம மண்ணுலேர்ந்து தண்ணிய சரியா எடுத்துக்கத் தெரியாது.”

இலை பச்சையாகத்தானே இருக்கிறது என்று ஈனக் குரலில் கேட்டேன்.

“அத நம்பாதீங்க. பைன் செத்தாலும் ஆறு வாரத்துக்குப் பச்சையாவே நிக்கும். செத்துப்போனது அதுக்கே அப்புறம்தான் தெரியும்.”

அப்படியென்றால் உயிர் இருப்பதை எப்படித்தான் தெரிந்துகொள்வது? புதுத் துளிர் வந்தால் இருக்கிறது என்றார். வராவிட்டால் இல்லை. தோண்டிப் பார்த்தால் இருக்கிற உயிரும் போய்விடும். பழைய மண் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கடைசியாகக் கேட்டார்.

இருந்தது! பூசணம் கண்ணில் படும் முன்பே, தானாக உதிர்ந்த மண்ணை வீணாக்க மனமில்லாமல் கறிவேப்பிலை டின்னில் கொட்டியிருந்தேன். மாடி வீட்டுக்காரர்கள் மண்ணைத் தூக்கிப் போட மாட்டோம் இல்லையா? கே.எல். போய்ச் சேரும்வரை கொமுட்டர் ரயிலில் நிலைகொள்ளாமல் உட்கார்ந்திருந்தேன். டின்னைக் கிளறினால்... கறிவேப்பிலையின் காலடியில், அந்த வெள்ளை நூல் அப்படியே பத்திரமாக இருந்தது. ஸ்பூனால் அள்ளி, பைனைச் சுற்றி இட்டு, நிழலில் வைத்தேன்.

பிறகு காத்திருப்புதான். தினமும் காலையில் மரத்தைப் பார்ப்பேன். நேற்றைய பச்சைதான் இன்றும். அது உயிரின் பச்சையா, உயிர் போன பச்சையா? மரத்துக்குச் சொல்லும் குட் மார்னிங்கைத் தனக்குச் சொல்வதில்லை என்று என் வீட்டுக்காரர் குறைப்பட்டுக்கொண்டார்.

கஷ்டம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அண்ணன் போன் செய்து கேட்பார். பச்சையாத்தான் இருக்கு என்பேன். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனாலும் போனை வைத்த பிறகு நெஞ்சு உறுத்தும். இதயத்தை அறுத்துத் தைத்துக்கொண்டு படுத்திருக்கிற மனுஷனிடம், உங்கள் நாற்பது வருஷத்தை நான் மஞ்சள் தண்ணீரில் கழுவிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஏழாவது வாரம், அந்தப் புதன்கிழமை, உச்சிக் கிளையின் நுனியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். ஒரு அரிசி அளவுக்கு, நேராக நிமிர்ந்து ஒரு துளிர். கீழ்க் கிளையில் இன்னொன்று. கழுவிவிட்ட ஒரு முட்டாளை மன்னித்து, ஸ்பூனில் கிடைத்ததை வைத்து, இருட்டுக்குள்ளே ஏழு வாரம் சத்தமில்லாமல் வேலை பார்த்திருக்கிறது! இதைப் பார்த்து அழாமல் வேறு என்ன செய்வது?

ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை. உடனே போன் செய்தேன். எடுத்தது அவர் மகள். அவள்தான் விஷயத்தைச் சொன்னாள். ஆப்பரேஷன் செய்த இடத்தில் கிருமி பிடித்து, அப்பா இரண்டாவது தடவையாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மூன்று வாரமாகக் கட்டிலில் படுத்தபடிதான் என்னிடம் பேசியிருக்கிறார். என்னிடம் சொல்லக் கூடாது என்று உத்தரவாம். தெரிந்தால் நான் பயந்துபோய் மரத்துக்குத் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிடுவேனாம்.

அன்று மத்தியானமே காஜாங் ஆஸ்பத்திரிக்கு எம்.ஆர்.டி. ரயில் பிடித்தேன்.

மெலிந்திருந்தார். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டு, துளிரின் போட்டோவைக் காட்டினேன். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மஞ்சளா?” என்றார்.

தலையாட்டினேன்.

“கொஞ்சம் புளியும் ஊத்தியிருந்தா கொழம்பே வெச்சிருக்கலாம் லா.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இவ்வளவு நடந்தும் நல்லா இருக்கேன் என்று சொன்னீர்களே என்று சண்டைக்குப் போனேன்.

“நீயும்தானே பச்சையா இருக்குன்னு சொன்ன?” என்றார்.

யோசித்துப் பாருங்கள்... தினமும் எத்தனை பேரிடம் நல்லா இருக்கீங்களா என்று கேட்கிறோம். எத்தனை பச்சையை அப்படியே நம்பிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகிறோம்.

நேற்று ஞாயிறு. அண்ணனின் போன் வந்தது. இப்போது துளிர் நான்கு என்றேன். அவர் எப்படி என்று கேட்டேன். வழக்கம்போல, நல்லா இருக்கேன் என்றார்.

“அந்தப் பச்சையெல்லாம் வேணாம் அண்ணே. துளிர் இருந்தா சொல்லுங்க.”

பிறகு மெதுவாகச் சொன்னார்.

“இன்னிக்குக் கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் தனியா நடந்தேன் தங்கச்சி. திரும்பி வரும்போதுதான் பயமா இருந்துச்சு.”

நானும் பயந்துபோய்த் தண்ணீர் அதிகம் ஊற்றிவிடாமல், கேட்டுக்கொண்டேன்.