ஊசி நிற்கும்போது சிரிக்கக் கூடாது

1. முதல் நாள்

ஐம்பதுகளின் நடுவில் திண்டுக்கல்லில் ஒரு சீனாக்கார டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். வாசலில் 'பல் கட்டுமிடம்' என்று போர்டு. பல் பிடுங்குவது, செட் கட்டுவது எல்லாம் அவர் கை வேலை. அப்பா காலத்திலேயே கப்பலேறி வந்துவிட்ட குடும்பம். அதனால் டாக்டர் நம்மூர்த் தமிழ்தான் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் சீன பாஷை. பெண்கள் பக்கத்துக்கு ஒரு பெண் ஆள் தேவைப்பட்டது. எனக்கு ரத்தத்தைக் கண்டால் பயமில்லை. தகுதி அவ்வளவுதான்.

வேலைக்குப் போன அன்றே, கிளினிக்கை இரண்டாகப் பிரிக்கும் பச்சை கர்ட்டனை விலக்கினேன். டாக்டர் சம்சாரம் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடக்கிறார். நெற்றியில், கன்னத்தில், தாடையோரத்தில் எல்லாம் மெல்லிசு மெல்லிசாக ஊசி குத்தி நிற்கிறது. நான் பிறந்ததிலிருந்து பழனிக்கு அலகு குத்திக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள். கும்பிட்டபடியே, "பழனிக்கு வேண்டுதலாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஊசியெல்லாம் ஆடியது. அந்தப் பக்கத்திலிருந்து டாக்டர் ஓடி வந்தார்.

"ஊசி நிக்கும்போது யாரையும் சிரிக்க வைக்காத. இங்க மொத ரூல் அதான்."

வேலையில் நான் கற்ற முதல் ரூல் அது. கற்பதற்கு முன்பே மீறிவிட்டேன் என்பது வேறு விஷயம்.

பிறகு டாக்டரம்மா விளக்கினார். அவருடைய அம்மாவிடம் கற்றுக்கொண்ட வைத்தியமாம். ஊசியைக் கொதிநீரில் போட்டெடுத்து, ஸ்பிரிட் தொட்டு, முகத்தில் இடம் பார்த்துக் குத்தி, செத்த நேரம் படுத்துக் கிடக்க வேண்டும். முகத்தில் ரத்தம் நன்றாக ஓடினால் தோல் தானாக முழித்துக்கொள்ளும் என்பார். ஸ்னோ கூடாது, பவுடர் கூடாது. பயத்தம் மாவு போட்டு முகம் கழுவு, தண்ணீர் குடி, நேரத்துக்குத் தூங்கு. அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது என்று தெரிந்தபோது எனக்கு மயக்கமே வந்தது. நான் அவரை டாக்டரின் மகள் என்றல்லவா நினைத்திருந்தேன்!

2. காதர் அத்தா வரப்போறாக

சபுரா அக்கா கடைவாய்ப் பல் பிடுங்க வந்தவர். தோல் வியாபாரக் குடும்பம். வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு வருவார். பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனவர், மறுவாரம் பல் வலி எதுவும் இல்லாமல் வந்து நின்றார். டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்தார். பிறகு என்னைத் தனியே இழுத்தார்.

"ஆரோக்கியம், அந்த ஊசிய எனக்கும் போடச் சொல்லு. காதர் அத்தா பினாங்குலருந்து வாராக."

ஒன்பது வருஷமாக முகம் பார்க்காத புருஷன். போகும்போது இந்த அக்காவுக்கு இருபத்தாறு வயது. இந்த ஒன்பது வருஷத்தில் மாமனாரின் சீக்கு, பிள்ளையின் படிப்பு, அடுப்படி எல்லாமாகச் சேர்ந்து கண்ணுக்குக் கீழே கறுப்பும் கன்னத்தில் தளர்ச்சியும் கொடுத்துவிட்டன. போட்டோவில் இருக்கும் பழைய சபுராவைத் தேடிக்கொண்டு அவர் வருவார், நான் அகப்பட மாட்டேனே என்று அழுதார்.

புருஷன் பேரைச் சொல்கிற வழக்கம் அவரிடம் இல்லை. மகன் பேரை வைத்து 'காதர் அத்தா', அதாவது காதரின் அப்பா, இல்லாவிட்டால் 'அவுக'. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இதுதான் பின்னால் என் தலையில் வந்து விடிந்தது.

ஊசி போட ஆரம்பித்தோம். முதல் தடவை பிஸ்மி சொல்லிக் கண்ணை இறுக மூடிக்கொண்டவர், மூன்றாம் தடவை குறட்டையே விட்டார். ஒரே ஒரு கண்டிஷன். சிரித்தால் இடது கன்னத்தில் ஒரு குழி விழும். அதற்குப் பக்கத்தில் மட்டும் ஊசி வரக் கூடாது, அது அவுகளுக்குப் பிடிக்கும் என்று சொல்லி, இந்த வயதில் வெட்கப்பட்டார். முகம் தெளிந்தது உண்மை. அதில் ஊசிக்கு எவ்வளவு பங்கு, அடுப்படியை விட்டுவிட்டு மத்தியானத்தில் நிம்மதியாகப் படுத்ததற்கு எவ்வளவு பங்கு என்று என்னைக் கேட்டால், சத்தியமாகத் தெரியாது.

புருஷன் வெள்ளிக்கிழமை வருவதாகத் தந்தி வந்துவிட்டது. கடைசி ஊசிக்குத் திங்கட்கிழமை மத்தியானம் சொன்னேன். ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகக் கேட்டிருந்தார். வீட்டில் யாருக்கும் தெரியாதல்லவா.

3. திங்கட்கிழமை மத்தியானம்

அன்று காலையில் ஒரு மனுஷர் கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். பேர் கமால் என்றார். முன்பல் கட்ட வேண்டும். தெரிந்தவர் யார் கண்ணிலும் படக் கூடாது, கூட்டமில்லாத நேரமாகச் சொல்லுங்கள் என்றார். எங்கள் கிளினிக்கில் கூட்டமில்லாத நேரம் ஒன்றே ஒன்றுதான். அதையே இவருக்கும் கொடுத்தேன். ஆண் அந்தப் பக்கம், பெண் இந்தப் பக்கம், நடுவில் கர்ட்டன். என்ன வந்துவிடப் போகிறது?

மத்தியானம் சபுரா அக்கா முகத்தில் ஊசியெல்லாம் நின்றாயிற்று. கர்ட்டனுக்கு அந்தப் பக்கம் டாக்டர் அச்சு எடுக்க மாவைக் குழைத்துக்கொண்டே, எப்போது வேண்டும் என்று கேட்டார்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள குடுத்துருங்க டாக்டர். கப்பல் படில வழுக்கி விழுந்து முன்பல்லு மூணும் போயிருச்சு. வீட்டுக்கு வெள்ளிக்கெழமைதான் வாரேன்னு தந்தி குடுத்துட்டு லாட்ஜுல கெடக்கேன். எஞ்சம்சாரம் சிரிச்சா கன்னத்துல குழி விழும். பொக்க வாயோட போயி நின்னா, அவ எங்கிட்டுச் சிரிக்க? அழுதுருவா."

என் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. திரும்பிப் பார்த்தால், சபுரா அக்கா கண் முழித்துவிட்டார். முழி என்றால் அம்புட்டுப் பெரிய முழி. இதற்குள் டாக்டர் அந்த மனுஷர் வாயில் மாவை அப்பி, இறுகும் வரை வாயை அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இங்கே ஒருத்தி முகத்தை அசைக்கக் கூடாது, அங்கே ஒருத்தர் வாயை அசைக்கக் கூடாது. மாதாவே, என்னைக் காப்பாற்று என்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

சபுரா அக்கா மெதுவாகக் கேட்டார்.

"காதர் அத்தாவா?"

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. "ம்ம்?"

"எந்திரிக்காதீக. இங்கிட்டு வந்துராதீக. எனக்கு இன்னும் முடியல."

சொன்னால் கேட்கிற ஆளா? எழுந்துவிட்டார். அச்சு கெட்டுப்போகுமே என்று டாக்டர் அவர் தாடையை விடவில்லை. தாடையைப் பிடித்த டாக்டரையும் இழுத்துக்கொண்டு வந்து கர்ட்டனை விலக்கினார். சபுரா அக்கா முகத்தை மூடக் கையைத் தூக்கினார். ஊசி நிற்கும் முகத்தை எப்படி மூடுவது? தூக்கிய கை அப்படியே நின்றது.

"ரொம்ப மாறிட்டேனா?" என்று கேட்டார்.

அந்த மனுஷர் டாக்டரின் கையைத் தள்ளி, பாதி இறுகிய மாவைப் பிடுங்கி எறிந்தார். உதடெல்லாம் வெள்ளை, நடுவில் மூன்று பல் காலி.

"என்னைய விடவா?"

குழி விழுந்தது. ஊசி அத்தனையும் ஆடியது. அவரும் சிரித்தார், டாக்டரம்மாவும் சிரித்தார், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் மட்டும் சீன பாஷையில் கத்திக்கொண்டிருந்தார். அவர் மறுபடி மாவு குழைக்க வேண்டுமே.

வெள்ளிக்கிழமை தெருவே ஸ்டேஷனுக்குப் போய் அவரை அழைத்து வந்தது. விருந்துக்கு எனக்கும் அழைப்பு. சபுரா அக்கா வாசல் கதவோரம் நின்று, ஒன்பது வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். புதுப் பல் பளபளக்க அவர் சலாம் சொன்னார். நான் பிரியாணியை வாயில் அடைத்துக்கொண்டு என் சிரிப்பைக் காப்பாற்றினேன்.

4. விட்டுவிட வேண்டியது

ஒரு வருஷம் கழித்து சபுரா அக்கா திரும்ப ஊசிக்கு வந்தார். அதற்குள் டாக்டரம்மா என் கையிலும் ஊசியைக் கொடுத்திருந்தார். முகத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு கண்ணோரத்திலும் புதிதாகக் கோடு விழுந்திருந்தது. கவலைப்படாதீங்க அக்கா, இதை எடுத்துவிடலாம் என்று ஊசியைக் கொண்டுபோனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத விட்டுரு ஆரோக்கியம். அது அவுக வந்தப்புறம் சிரிச்சுச் சிரிச்சு விழுந்தது."

அதற்குப் பிறகு நான் எத்தனையோ முகத்தில் ஊசி வைத்தேன். எதை எடுக்க வேண்டும் என்று வருகிறவர்களே சொல்லிவிடுவார்கள். எதை விட வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் நான் ஊசியைத் தொடுவேன்.