செத்த ஸ்பீக்கரும் சிங்காரி மேளமும்

நான் தையல் மிஷினை மிதிக்கத் தொடங்கினால் போனில் ஓடும் பாட்டு காதிலேயே விழாது. அதனால்தான் பழைய காரை விற்பதற்கு முன் அதிலிருந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் கழற்றித் தரச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கழற்றித் தந்தார். கூடவே அவை தேறாது என்று தீர்ப்பும் சொன்னார். குவைத்தில் பல வருஷம் ஒயரோடு மல்லுக்கட்டிய மனிதர். எதிர்த்துப் பேசினால் கரண்டு எப்படிப் பாய்கிறது என்பதிலிருந்து ஆரம்பிப்பார். பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர்காரர் அன்று காலை வருவார், அவரிடமே போட்டுவிடலாம் என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆக்கர்காரர் வருவதற்குள் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

ஸ்பீக்கருக்குப் பெட்டி இல்லாவிட்டால் மண்பானை போதும். இரண்டு காலிப் பானைகளின் வாயில் இரண்டையும் மல்லாக்க வைத்து, சின்ன ஆம்ப்ளிஃபையரில் இணைத்தேன். திருவிழாவில் போனில் பதிவு செய்த, செண்டைகள் முழங்கும் சிங்காரி மேளத்தை ஓடவிட்டேன். ஜால்ராச் சத்தம் கேட்டது, செண்டையின் கனத்த அடி கேட்கவில்லை. தகரத்தைத் தட்டுவதுபோல் இருந்தது.

"பாத்தியா? ரெண்டும் செத்தாச்சு," என்றார் முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர்.

ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் கேட்டேன். அடி விழுந்தது. மாற்றிக் கேட்டேன், அதிலும் விழுந்தது. சேர்ந்தால் மட்டும் ஏன் ஊமையாகின்றன? சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியை உருவி, காரில் மாட்டும்போது அவர் பற்றவைத்த சிவப்பு, கறுப்பு ஒயர்களில் இரண்டுக்கும் ஒரே மாதிரி தொட்டேன். ஒன்றில் நடுக் காகிதம் டப்பென்று மேலே எழும்பியது. இன்னொன்றில் கீழே இறங்கியது. ஒன்று தள்ளும் காற்றை மற்றது இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒன்றுக்கு ஒயரை மாற்றிப் பற்றவைத்திருக்கிறார் நம்ம குவைத்காரர்!

அந்த ஒன்றில் மட்டும் ஒயரை மாற்றினேன். செண்டை பானைக்குள்ளிருந்து எழுந்து வந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நான் வெட்கமே இல்லாமல் கை தட்டினேன். இத்தனை வருஷமும் அந்தக் காரில் நாங்கள் அடியே இல்லாத மேளத்தைத்தான் கேட்டிருக்கிறோம்.

அவர் வந்து பேட்டரியை வாங்கித் தானும் தொட்டுப் பார்த்தார். அதற்குள் ஆக்கர்காரர் வாசலில் குரல் கொடுத்தார். நான் வாசலுக்குப் போகாமல் தையல் மிஷினில் போய் உட்கார்ந்தேன். முழு வேகத்தில் மிதித்தேன். அதையும் தாண்டி மேளம் கேட்டது. கேட் வரைக்கும் வீட்டுக்காரரேதான் போக வேண்டியிருந்தது.

"குடுக்க ஒண்ணும் இல்ல, கேட்டீரா," என்று மேளத்துக்கு மேல் கத்தினார். "எல்லாம் ஓடுத சாமானமாக்கும்."