துரைமாரின் வாயிலிருந்து வந்த இங்கிலீஷ்

சொதிக்குத் தேசிக்காய் பிழிந்து புளி விடும் மணம் வந்தால், எனக்கு இன்றும் 'கோல் இட் எ டே' என்ற சொற்கள்தான் காதில் கேட்கும். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு இராச்சாப்பாட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. கோட்டையில் வெள்ளைக்காரக் கம்பனி ஒன்றின் 'கந்தோரில்' வேலைபார்த்த அப்பா, துரைமார் தங்களுக்குள் பேசுவதில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வருவார். அதைத் துரையின் ஏற்ற இறக்கத்தோடு நான் சொல்லி, கருத்தும் சொன்ன பிறகுதான் இடியப்பத் தட்டு என் பக்கம் நகரும்.

"பிள்ளைக்குப் பசிக்குதப்பா, சொதி ஆறுது," என்பா அம்மா.

"கொன்வென்டில இங்கிலீஷ் வகுப்புக்கு எடுக்கோணுமெண்டா இதெல்லாம் வேணும்," என்பார் அப்பா. 'புட் அப் வித்', 'கிவ் இன்', அத்திபூத்தாற்போல எப்போதாவது என்ற கருத்தில் வரும் 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' எல்லாம் அப்படித்தான் எனக்குப் பாடமாயின.

கொன்வென்டில் சேர்க்கப் போன அன்று, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் போடும் வெள்ளைக் காற்சட்டையோடு அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று தலைமைக் கன்னியாஸ்திரியான மதர் ஆங்கிலத்தில் கேட்டா. அந்தச் சின்ன ஆங்கிலத்தை எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. வாயில் வந்தது 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்'. மதர் சிரிக்க, சரியாகத்தான் சொல்கிறேன் என்று நினைத்து, மற்றவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டேன்.

மதர் அப்பாவின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டா. "யெஸ் மதர்," என்றார். திரும்பவும் கேட்டா. "யெஸ் மதர்."

மதர் தமிழுக்கு மாறினா. "கந்தோரில என்ன வேலை செய்யிறீங்க?"

"துரைமாருக்குத் தேத்தண்ணி குடுக்கிறது, மதர்."

அப்பா கதிரை மேசையில் இருந்து எழுதுகிறவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் கையிலிருந்து என் கையை இழுத்துக்கொண்டேன்.

தமிழ் வகுப்பில்தான் இடம் கிடைத்தது. அன்றிரவு ஒன்றும் கேட்காமலே தட்டை என் பக்கம் தள்ளி, "சாப்பிடு பிள்ளை, ஆறமுன்னம்," என்றார். அதற்குப் பிறகு துரைமாரின் பேச்சு எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

இன்று அந்த வீடும் இல்லை, அப்பாவும் இல்லை. பின்னால் நானே ஆங்கிலம் படித்து, பென்சன் எடுக்கும்வரை அதிலேதான் பிழைத்தேன். பின்னேரங்களில் கூட வேலைசெய்தவர்கள் இன்றைக்கு வேலை போதுமென்று 'கோல் இட் எ டே' சொல்லி எழும்பும்போதெல்லாம், அதை எனக்குச் சொல்லித்தந்தவர் தேத்தண்ணித் தட்டோடு கதவோரம் நின்று கேட்டுவந்தவர் என்று சொல்ல வாயெடுப்பேன். ஒருநாளும் சொன்னதில்லை. அப்போது அவரை நினைத்து வெட்கப்பட்டேன்; இப்போது என்னை நினைத்து.