ஜிம்மி ஏறிய லாரி

தொண்ணூறுகளின் நடுவில், நான் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. கிணத்துக்கடவுக்குக் கொஞ்சம் வடக்கே, கோவை மெயின் ரோட்டை ஒட்டி எங்கள் தோட்டம். அப்பா, அம்மா, நான், தங்கை, அப்புறம் ஜிம்மி. சாதாரண நாட்டு நாய்தான். அப்பா எங்கே போனாலும் அவர் செருப்புக்குப் பின்னாலேயே போகும்.

அப்பாவுக்கு சினிமா என்றாலே ஆகாது. அந்த வருடம் பொள்ளாச்சியில் ஒரு நாய்ப் படம் வந்திருந்தது. தங்கை அடம்பிடித்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் போனோம். அடிபட்டுக் கிடக்கும் முதலாளியைக் காப்பாற்ற நாய் ஓடிப் போய் ஆட்களை இழுத்துக்கொண்டு வரும்போது தியேட்டரே கைதட்டியது. அப்பா துண்டால் முகத்தைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் ஜிம்மியின் காதைப் பிடித்துத் திருகி, "உன்ற பங்காளி ஒருத்தன் படத்துல என்னென்னமோ செய்யறான். நீ சோத்தத் தின்னுபோட்டுத் தூங்கறே" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அதற்கடுத்த மாதம் ஒரு விடியற்காலை. அப்பா தக்காளிக் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தார். ஜிம்மி மட்டும் தனியாக ஓடி வந்து, பால் கறந்துகொண்டிருந்த அம்மாவின் சேலையைப் பல்லால் பிடித்து இழுத்தது. அம்மா விரட்டினாள். போகவில்லை. கொஞ்ச தூரம் ஓடும், நின்று குரைக்கும், மறுபடி வந்து இழுக்கும்.

தங்கைதான் சொன்னாள். "அம்மா, அந்தப் படத்துல வாரமாதிரியே பண்ணுதுங்கம்மா."

அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். நாங்களும் ஓடினோம். அப்பா வரப்பில் உட்கார்ந்திருந்தார். கணுக்காலுக்கு மேலே துண்டைக் கிழித்துக் கட்டியிருந்தார். "கண்ணாடி விரியனாட்டத் தெரிஞ்சுது. பயப்படாதீங்க" என்றார். குரலில் நடுக்கம்கூட இல்லை.

தங்கையைப் பக்கத்துத் தோட்டத்தில் விட்டுவிட்டு, அம்மாவும் நானும் அப்பாவைத் தாங்கிப் பிடித்து ரோட்டுக்குக் கொண்டு வந்தோம். முதலில் வந்த லாரியே நின்றது. தக்காளி லோடு. டிரைவருக்கு முப்பது வயதிருக்கும். விஷயம் தெரிந்ததும் பின்பக்கத்துப் பெட்டிகளை எடுத்து ரோட்டோரம் அடுக்கினார். அம்மா தயங்கியபோது, "பெட்டி கெடக்குதுங்க்கா. மொதல்ல ஏறுங்க" என்றார்.

ஜிம்மியும் தாவி ஏறப் பார்த்தது. அப்பா அதன் தலையைத் தொட்டுக் கீழே தள்ளினார். "ஊட்டப் பாத்துக்கடா. நான் வாரேன்." லாரி கிளம்பியதும் ஜிம்மி பின்னாலேயே ஓடி வந்தது. ரொம்ப தூரம் வரை தெரிந்தது.

கோவையில் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். சரியான நேரத்தில் கொண்டு வந்துவிட்டீர்கள் என்று டாக்டரே சொன்னார். எனக்குப் பயமே போய்விட்டது. நாய் வந்து கூப்பிட்டாயிற்று, நாங்களும் போய்விட்டோம், இனி என்ன என்றுதான் நினைத்தேன். படத்தில் அப்படித்தானே.

மறுநாள் அப்பாவுக்கு முகமும் கையும் வீங்கின. சிறுநீர் நின்றுபோனது. கிட்னி வேலை செய்யவில்லை என்றார்கள். அந்த வாரத்துக்குள் போய்விட்டார்.

வேனில் கொண்டு வந்து வாசலில் கிடத்தினோம். ஜிம்மி வந்து காலை முகர்ந்தது. ஆஸ்பத்திரி வாடை பிடிக்கவில்லையோ என்னவோ, திரும்பி ரோட்டுக்கே போய்ப் படுத்துக்கொண்டது. அன்று முதல் அதுதான் அதன் இடம். எந்த லாரி வேகம் குறைத்தாலும் எழுந்து நிற்கும்.

கருமாதியெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் மத்தியானம் அதே லாரி வந்து நின்றது. டிரைவர் கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு இறங்கினார். கேரளா லோடு ஓட்டிக்கொண்டிருந்ததால் வர முடியவில்லையாம். "அண்ணன் எப்படி இருக்காருங்க்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், அம்மாவின் நெற்றியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

யாரும் பேசுவதற்குள் ஜிம்மி லாரியில் ஏறிவிட்டது. பெட்டிகளுக்கு இடையே புகுந்து புகுந்து தேடியது. அப்பாவைப் படுக்க வைத்திருந்த பலகையை முகர்ந்து, அங்கேயே சுருண்டு படுத்துக்கொண்டது. நான் இழுக்கப் போனதும் உறுமியது. என்னைப் பார்த்து அது உறுமியதே இல்லை.

அம்மா ஏறிப் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எறங்கு கண்ணு. அவங்க இதுல வர்ல" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். கடைசியில் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

டிரைவர் டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் வெரசா ஓட்டியிருக்கலாமுங்க்கா."

"நீங்க வெரசாத்தான் ஓட்டுனீங்க தம்பி. இந்த வாயில்லா சீவனும் ஓடியாந்து சொல்லிப்போடுச்சு. டாக்டரும் ஊசி போட்டாரு. யாரு என்ன கொறை வெச்சோம்?"

அவர் எழுந்து, பழப் பையை வாசலில் வைத்துவிட்டு லாரியை எடுத்தார்.

ஜிம்மி அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவே இல்லை. கட்டி வைத்தால் கழுத்து புண்ணாகும் அளவுக்கு இழுக்கும். அவிழ்த்துவிட்டால் ரோட்டோரம். ஐப்பசி மழையில் ஒருநாள் காலை, படுத்த இடத்திலேயே விறைத்துக் கிடந்தது. அம்மாவும் நானும் தென்னைக்கு அடியில் குழி வெட்டினோம். மண்ணைத் தள்ளிவிட்டு நிமிர்ந்த அம்மா, "இதுக்கு அவங்க வருவாங்கன்னு கடைசி வரைக்கும் ஒரு நெனப்பு இருந்துச்சு. நமக்கு அதுவும் இல்ல சாமி" என்றாள்.

நான் இப்போது அப்பாவின் வயதைத் தாண்டிவிட்டேன். யாராவது ஒருவர் தவறு செய்திருந்தால் அவரைத் திட்டியாவது மனதை ஆற்றியிருப்பேன். எல்லோரும் சரியாகச் செய்தும் நடந்துவிட்ட துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.